வசனம் முடிய மெசின்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அண்ணா. இதில் ஒன்றையும் நான் கண்ணால் கண்டதில்லை. நாடகம் நடந்தபோது நான் பிறக்கவே இல்லை. பாதி அப்பா சொன்னது. பாதி இராசமலர் அன்ரி சொன்னது. மிச்சம் ஊர் சொன்னது. எது யார் சொன்னது என்று பிரித்துப் பிரித்துத்தான் சொல்வேன். பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் எங்களைப் பழக்கினார்கள். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் பயம் கூட. ஒன்றைப் பிழையாகச் சொன்னால், "இதுக்குத்தானே உவள் படிச்சவள்" என்பார்கள்.

என் பெயரை எங்கேயும் போடாதீர்கள். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை. அதிபர், "மட்டக்களப்பிலயிருந்து ஒரு நாடகக் குழு வருது, எங்கட பழைய நாடகத்தைத் திரும்பப் போடப்போகினம், நீதானே நாடக ரீச்சர், விவரத்தைச் சொல்லிவிடு" என்றார். அவர் சொன்னதால்தான் சொல்கிறேன்.

இந்தக் கதிரையில் இருங்கள். இங்கிருந்து எல்லாம் தெரியும். அந்த வேம்பின் கீழேதான் நாடகம் நடந்தது. மேடை கிடையாது, வெறும் நிலம்தான். வேம்புக்குப் பின்னால் புதுச் சுவர் ஒன்று நிற்கிறதே, அந்த இடத்தில் திரைச்சீலை கட்டியிருந்தார்கள். சீலைக்குப் பின்னால் மெசின். வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நீலப் படலை தெரிகிறதா? அதைப் பிறகு சொல்கிறேன்.

தொண்ணூற்றோராம் ஆண்டு. கரண்ட் இல்லை. பற்றரியை அரசாங்கம் வரவிடாது. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஒவ்வொரு வளவுக்குள்ளும் பதுங்க ஒரு பங்கர். குண்டு போடுகிற பொம்மர் எந்த நேரம் வரும் என்று தெரியாது. அப்படிப்பட்ட காலத்தில் இந்தப் பாடசாலைக் கணக்கு வாத்தியார் குலவீரசிங்கம் மாஸ்ரருக்கு நாடகம் போட வேண்டும் என்று வந்தது. குண்டு வீச்சில் ஒரு குடும்பம் அழிகிற நாடகம். கடைசிக் காட்சியில் தாய் வானத்தைப் பார்த்து, "நாங்கள் ஆருக்கும் ஒரு தீங்கும் செய்யேல்லையே!" என்று கத்துவாள். அந்த வசனம் முடிந்ததும் குண்டு விழும். அவ்வளவுதான் நாடகம். தாயாக நடித்தவர் இராசமலர் அன்ரி. தகப்பனாக நடித்தவர் என் அப்பா, தவநேசன். அப்பாவுக்கு அப்போது இருபத்து நாலு வயது இருக்கும்.

எல்லாம் சரி, பொம்மருடைய சத்தத்துக்கு எங்கே போவது? அதுதான் மாஸ்ரரின் தலையிடி. வாயால் உறுமிப் பார்த்தார்களாம், சனம் சிரித்ததாம். அந்தக் காலத்தில் இங்கே கைப்பிள்ளைக்கும் பொம்மர் சத்தம் தெரியும். இது அவ்ரோ, இது ஹெலி, இது சியாமாசெட்டி என்று நித்திரையிலும் சொல்லும். அந்தச் சனத்தை ஏமாற்ற முடியாது.

அதைக் கண்டுபிடித்தவர் மரியாம்பிள்ளை அண்ணை. தபால்காரர். கடிதம் வராத காலத்தில் தபால்காரருக்கு என்ன வேலை? நாடகத்துக்கு எடுபிடியாக வந்தார். சனசமூக நிலையத்தில் ஒரு தையல் மெசின் இருந்தது, காலால் மிதிக்கிற மெசின். அதைத் தூக்கி வந்து, ஒரு தார்ப் பீப்பாயைப் பக்கத்தில் சாய்த்து வைத்து, சுற்றுகிற சில்லில் உரசும்படி பிஸ்கட் தகரத்தின் மூடியைக் கட்டி, மிதித்துப் பார்த்திருக்கிறார்.

அப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மிதித்த கொஞ்ச நேரத்தில் அயலட்டை முழுக்கப் பங்கருக்குள்ளாம். எதிர் வீட்டில் சோறு வடித்துக்கொண்டு நின்ற ஒரு மனுசி, பானையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறா. பிறகு விசயம் தெரிந்து படலைக்கு வந்து ஏசினாவாம்.

"அடேய் மரியாம்பிள்ளை, நீ நாசமாப் போக! என்ர சோத்தை ஆர் தருவான்?"

"எங்களிட்டயும் விமானப்படை இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரிஞ்சுது, மாமி. ஒரே ஒரு பிளேன். காலால மிதிக்கிறது."

அன்றைக்கிருந்து அவர் பைலட். பைலட் அண்ணை. அவருடைய சொந்தப் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆனால் மாஸ்ரருக்கு ஒரு பயம் வந்தது. மெசின் இவ்வளவு நன்றாக உறுமினால், உண்மையான பொம்மர் வரும்போது யாருக்குக் கேட்கும்? அதனால் நாடகத்துக்குள்ளேயே மௌனங்களை வைத்தார். மெசின் கொஞ்சம் ஓடும், பிறகு நிற்கும். மேடையிலும் ஒருவரும் பேசக்கூடாது. சனம் அதை நடிப்பு என்று நினைக்கும். உண்மையில் நடிக்கிறவர்கள் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். மெசின் நின்ற பிறகும் சத்தம் இருந்தால் அது மேலே இருப்பது. ஓட வேண்டும். கடைசி மௌனம், தாயின் அந்த வசனத்துக்கு முன்னால். இதைக் கவனத்தில் வைத்திருங்கள், அண்ணா. நீங்கள் நாடகக்காரர், உங்களுக்கு விளங்கும்.

இனி மெசின். அது யாருடையது என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் முதலில் கேட்கவில்லை.

இந்தச் சந்தியில் ஜுனைதீன் நானா என்று ஒரு தையல்காரர் இருந்தார். மாஸ்ரர் அதற்கு முதல் போட்ட நாடகங்களுக்கெல்லாம் உடுப்புத் தைத்தவர் அவர்தான். அந்தத் திரைச்சீலையும் அவர் தைத்தது. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் இயக்கம் முஸ்லிம் சனத்தை வடக்கிலிருந்து போகச் சொன்னது உங்களுக்குத் தெரியும்தானே. அவருடைய குடும்பமும் போனது. ஒன்றும் கொண்டுபோகவிடவில்லை. பிறகு அவர்கள் விட்டுப்போன சாமான்களை இயக்கம் ஒரு கடையில் வைத்து விற்றது. சனம் போய் வாங்கியது. சனசமூக நிலையம் அந்த மெசினை வாங்கியது, பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கலாம் என்று. போய் வாங்கி, சைக்கிள் கரியரில் கட்டி உருட்டி வந்தது அப்பாவும் இன்னொருவரும். அப்பா தனக்கென்று வாங்கவில்லை. அதை அழுத்திச் சொல்கிறேன். நிலையம் அனுப்பியது, அவர் போனார். அப்பா நல்ல மனிதர். இந்த ஊரில் யாரையும் கேட்டுப் பாருங்கள்.

இனி நான் சொல்வது இராசமலர் அன்ரி சொன்னது. அவ இப்போது வவுனியாவில் மகளோடு இருக்கிறா. போன மாதம் போய்ச் சந்தித்தேன்.

ஒருநாள் ஒத்திகை நடுவில் பொம்மர் வந்திருக்கிறது, உண்மையான பொம்மர். எல்லோரும் பங்கருக்குள் இறங்கினார்கள். பாடசாலைப் பங்கர் 'ட' வடிவம். ஒரு கையில் ஆம்பிளைகள், மற்றக் கையில் பொம்பிளைகள். மூலை மறைப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். மாஸ்ரருக்கு நேரம் வீணாகக் கூடாது.

"சும்மா இருக்காம கடைசிக் காட்சியைச் சொல்லுங்கோ," என்றார்.

அப்பா தன் வசனத்தைச் சொன்னார். அடுத்தது தாய். அது மூலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும்.

"மலர், உன்ர வசனம்."

"அதை நான் சொல்லமாட்டன், மாஸ்ரர்."

"ஏன், தொண்டை கட்டிப்போச்சோ?"

"இல்லை. அது பொய்."

மேலே பொம்மர் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்பாவுக்குக் கோபம் வந்திருக்கிறது.

"என்ன மலரக்கா கதைக்கிறியள்? உங்கட தங்கச்சியே குண்டு விழுந்து செத்தவ. நீங்கள் சொல்லாம இந்த வசனத்தை வேற ஆர் சொல்லுறது?"

"என்ர தங்கச்சி ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லை. அதை எங்க நிண்டும் கத்துவன். இதில 'நாங்கள்' எண்டெல்லே இருக்கு. நாங்கள் எண்டா நானும். நீயும்தான், தவம்."

"நாங்கள் என்ன செய்தனாங்கள்?"

"ஜுனைதீன் நானா போகேக்க நீ எங்க நிண்டனி?"

"மெல்லக் கதையுங்கோ," என்றார் மாஸ்ரர். "பங்கருக்கும் காது இருக்கு."

"நான் என்ர படலையில நிண்டனான்," என்று அன்ரி விடவில்லை. "நான் தைக்கக் குடுத்த சட்டையைக் கொண்டுவந்து தந்தவர். அந்த நேரத்திலயும் கொண்டுவந்து தந்தவர். 'தங்கச்சி, சட்டைக்குக் கை ரெண்டும் இன்னும் பூட்டேல்லை, குறை நினைக்காதயுங்கோ' எண்டார். நான் வாங்கிக்கொண்டு உள்ள போயிட்டன். போயிட்டு வாங்கோ எண்டுகூடச் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தா? மறிச்சிருப்பியளோ? துவக்கோட நிக்கிறாங்கள். பாத்துக்கொண்டு நிக்கிறது குற்றமே?"

"அதுக்குப் பேர் என்ன எண்டு எனக்குத் தெரியாது. ஒரு தீங்கும் செய்யேல்லை எண்டு மட்டும் என்னால கத்தேலாது. அதுவும் அந்தாளின்ர மெசின் பின்னால ஓடேக்க."

"அப்ப எங்களுக்குக் குண்டு போடுறது சரியெண்டுறியளோ?"

"நான் எப்ப அப்பிடிச் சொன்னனான்? பள்ளிக்கூடத்துக்கு மேல குண்டு போடுறவன் பாவி. நாங்கள் நானாவுக்குச் செய்ததும் செய்ததுதான். ரெண்டையும் ஏன் ஒரு கயித்தில கட்டுறியள்?"

மாஸ்ரர் சொன்னாராம், "பிள்ளை, அந்த வசனத்தைக் கழட்டினா நாடகமே விழுந்திடும். மேல போறவனைப் பாத்துச் சொல்லுற வசனம் அது."

"மேல போறவனுக்குத் தமிழ் தெரியாது, மாஸ்ரர்," என்றாராம் பைலட் அண்ணை.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்து, பங்கர் கூரையிலிருந்து மண் கொட்டியிருக்கிறது. அதற்குள்ளும் சிரிப்பு.

"அவனுக்கில்லையடா, கீழ இருக்கிற சனத்துக்கு."

"சனத்துக்கு எல்லாம் தெரியும். அதுதானே கரைச்சல்," என்றா அன்ரி.

பைலட் அண்ணை திரும்பவும் பகிடி விட்டிருக்கிறார். "என்னைக் கேட்டா நான் ஒண்டுக்கும் பொறுப்பில்லை. மாஸ்ரர் மிதி எண்டா மிதிப்பன். நில் எண்டா நிப்பன்."

"மேல இருக்கிற பைலட்டும் இதைத்தான் சொல்லுவான், அண்ணை," என்றா அன்ரி.

அதற்கு எல்லோரையும் விடக் கூடச் சிரித்தவரும் பைலட் அண்ணைதானாம். ஆனால் பொம்மர் போய் எல்லோரும் மேலே ஏறிய பிறகு, அன்ரியிடம் தனியாக வந்திருக்கிறார்.

"தங்கச்சி, உண்மையா அந்த மெசினாலயோ?"

"ஓம் அண்ணை."

"எனக்கும் மிதிக்கேக்க ஒரு மாதிரித்தான் இருக்கு. என்ன செய்யிறது? நான் தேங்காயெண்ணெய் விட்டுத் துருப்பிடிக்காம வச்சிருக்கிறன். நானா திரும்பி வந்தா குடுப்பம்."

இதை அப்பாவிடம் கேட்டேன். பங்கரில் நடந்த வாக்குவாதம் ஞாபகம் இருக்கிறது என்றார். "அவ கொஞ்சம் குழம்பித்தான் இருந்தவ, தங்கச்சி செத்த கவலை," என்றார். அப்படியும் இருக்கலாம் அல்லவா? ஒருவர் மனதில் என்ன இருந்தது என்று நான் எப்படிச் சொல்வது?

மாஸ்ரர் வசனத்தை மாற்றவில்லை. "சொல்லுறியோ, வேற ஆளைப் பாக்கவோ?" என்று கேட்டிருக்கிறார். வேறு ஆள் இல்லை. அந்தக் காலத்தில் எந்தத் தாய் தகப்பன் பெண்பிள்ளையை நாடகத்துக்கு விடுவார்கள்? அன்ரிக்கும் தெரியும், மாஸ்ரருக்கும் தெரியும். அன்ரி "சரி" என்றிருக்கிறா. எதற்குச் சரி என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாடகம் பின்னேரம். சனம் பங்கர்களுக்குக் கிட்டக் கிட்ட இருந்தது. சைக்கிள்களை வீதிப் பக்கம் திருப்பி விட்டிருந்தார்கள். முன்வரிசையில் இயக்கத்தின் அரசியல்துறைப் பெடியள் இரண்டு பேர், கதிரை போட்டு. அன்ரி அவர்களைக் கண்டுவிட்டா. வசனத்தை மாற்றிச் சொன்னால் அவர்கள் இருக்கிறார்கள். மாற்றாமல் சொல்ல வாய் வராது. அவவுக்கு மிஞ்சியது ஒரு வழிதான், ஒன்றும் சொல்லாமல் நிற்பது. தாய் வாயடைத்து நிற்கிறாள் என்று சனம் எடுக்கட்டும். அப்படித்தான் நினைத்து வந்தாவாம். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார்கள்.

முதல் மௌனம் வந்தது. எல்லோரும் கேட்டார்கள். வானம் சும்மா இருந்தது. அடுத்த மௌனமும் அப்படியே.

கடைசிக் காட்சி. மெசின் நின்றது. அன்ரி நடுவில் வந்து வானத்தைப் பார்த்தா. வசனத்தைச் சொல்லவில்லை.

இனிமேல்தான் இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

முதலில் அப்பா. அவ பயத்தில் வசனத்தை மறந்துவிட்டா. மாஸ்ரர் சீலை ஓரத்தால் கையைக் காட்டித் தவிக்கிறார். முன்வரிசைப் பெடியள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். பைலட் அவசரப்பட்டு, வசனம் வர முன்னமே மெசினை மிதிக்கத் தொடங்கிவிட்டான். நாடகம் குழம்பப் போகிறது. "அப்பத்தான் நான் முன்னுக்கு வந்து வசனத்தை எடுத்தன். என்ர வாழ்க்கையில அப்பிடி ஒரு குரல் எனக்கு அதுக்குப் பிறகு வரேல்லை. சனம் கை தட்டினது. நான் இல்லாட்டி அண்டைக்கு நாடகம் நாறியிருக்கும்." பிறகுதான் பொம்மர் வந்தது என்பார். மெசின் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை என்பார்.

அடுத்தது அன்ரி. "நான் ஒண்டையும் மறக்கேல்லை, பிள்ளை. சொல்லக்கூடாதெண்டு நிண்டனான். நிண்டபடியாத்தான் எனக்குக் கேட்டது. மெசின் ஓடேல்லை. மெசின் ஓடாம ஒரு சத்தம். தூரத்தில. நான் அண்ணாந்து பாக்கிறன். ஒரு பொம்பிளை பக்கத்தில இருந்தவவுக்கு 'என்ன மாதிரி நடிக்கிறா பார்' எண்டது எனக்குக் கேட்டது. ஓடுங்கோ எண்டு கத்த வாயைத் திறந்தன். அதுக்குள்ள உன்ர அப்பா கத்தினான். நாங்கள் ஆருக்கும் ஒரு தீங்கும் செய்யேல்லையே எண்டு. சனம் கை தட்டுது. மெசின் தொடங்கீட்டுது. நான் கத்தினது எனக்கே கேக்கேல்லை."

குண்டு திரைச்சீலைக்குப் பின்னால் விழுந்தது. பைலட் அண்ணை மெசினிலேயே போனார். பின்பக்கம் இருந்த ஒரு தாயும் மகளும் போனார்கள். அப்பாவுக்கு அன்றைக்கிருந்து இடது காது கேட்காது.

குண்டு போட்டது விமானப்படை, அண்ணா. அதை மறக்கவேண்டாம். நாடகம் பார்த்துக்கொண்டிருந்த சனத்துக்கு மேலே போட்டார்கள். அப்பா போடவில்லை. இதை நான் என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்வதில் பிழையொன்றும் இல்லைத்தானே?

ஆனால் ஊர் ஒரு கதையைப் பிடித்துக்கொண்டது. பைலட் அவசரப்பட்டு மிதித்துவிட்டான், அவன் முந்தியிராவிட்டால் சனத்துக்குச் சத்தம் கேட்டிருக்கும், மூன்று உயிர் போயிராது. கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. "பாவம், கலை ஆர்வம்" என்றும் சேர்த்துச் சொல்வார்கள். செத்துப்போன தாயின் ஆட்கள் மட்டும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அவர்கள் பைலட் அண்ணையின் வீட்டுப் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

அந்த நீலப் படலைதான். பிலோமினா அன்ரி இருக்கிறா, பைலட் அண்ணையின் மனைவி. ஒவ்வொரு வருசமும் இந்த வேம்பின் கீழே விளக்கேற்றுகிறோம். அப்பாதான் முதல் விளக்கு. அவ வரமாட்டா. இவ்வளவு கிட்ட இருந்தும் ஒரு வருசம் வந்ததில்லை. நான் தினமும் அந்தப் படலையைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறேன். முற்றம் கூட்டிக்கொண்டு நிற்பா. "போறியோ, பிள்ளை?" என்று கேட்பா. "ஓம், அன்ரி," என்பேன். நல்ல மனுசி.

என் பட்டப்படிப்பு ஆய்வு போர்க்கால அரங்கைப் பற்றியது. அதிலும் இந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறேன். "ஒலியை வழங்கியவர் சற்று முந்திவிட்டதாகக் கூறப்படுகிறது." 'கூறப்படுகிறது' என்று போட்டிருக்கிறேன், கவனியுங்கள். முந்தினார் என்று நான் எழுதவில்லை. ஆய்வு முறைப்படி அதில் ஒரு பிழையும் பிடிக்கமுடியாது. விரிவுரையாளரும் பாராட்டினார். அந்தப் பிரதி இங்கே நூலகத்தில் இருக்கிறது. பிள்ளைகள் எடுத்துப் பார்க்கிறார்கள்.

வவுனியாவிலிருந்து வந்த அன்று பின்னேரம் அப்பாவிடம் கேட்டேன். அவர் வாசலில் இருந்து கத்தரிக் கன்றுக்குத் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் இருந்து, "அப்பா, நீங்கள் வசனம் சொல்லும்போது மெசின் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா?" என்று கேட்டேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் கவனித்தேன், நான் இருந்தது அவருடைய இடது பக்கம். கேட்காத காது. பிழை என்னுடையது. எழும்பி மற்றப் பக்கம் போயிருக்கலாம்தான். அம்மா தேத்தண்ணிக்குக் கூப்பிட்டா, எழும்பி உள்ளே போய்விட்டேன்.

இப்போது நீங்கள் நாடகத்தைத் திரும்பப் போடப் போகிறீர்கள். அந்த வசனத்தை வைப்பீர்களா, எடுப்பீர்களா என்று எனக்குத் தெரியாது. அது உங்கள் விருப்பம். முதல் நாள் அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக அதிபர் சொன்னார். 'நாடகத்தைக் காப்பாற்றிய கலைஞர்' என்று அழைப்பிதழில் போடுகிறார்களாம். அப்பா இப்போதே வெள்ளை வேட்டியை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். அவருக்குச் சந்தோசம். வாழ்க்கையில் அவருக்குக் கிடைக்கிற ஒரே மேடை.

ஒரு உதவி கேட்கலாமா, அண்ணா? நீங்கள் வெளியூர். உங்களுக்கு இங்கே ஒருவரோடும் பகை இல்லை. போகும்போது அந்தப் படலையைத் தட்டி, பிலோமினா அன்ரியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன? நான் சொன்னேன் என்று சொல்லவேண்டாம். விசாரித்ததில் தெரிந்தது என்று சொன்னால் போதும். நான் போய்ச் சொன்னால் அது வேறு மாதிரி ஆகிவிடும். வீட்டிலும் ஊரிலும் பாடசாலையிலும். நான் இங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், நீங்கள் போய்ச் சொல்லுங்கள்.

என்ன சொல்வது என்று கேட்கிறீர்கள். அதைச் சரிபார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்தேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் மூன்றாவது ஆளைக் கேட்கவேண்டும். மாஸ்ரர் கனடாவில் இருக்கிறார். வயது போய்விட்டது, பேரப்பிள்ளைகளின் பெயர் மாறிப்போகிறது என்றார்கள். போன கிழமை தொலைபேசியில் பிடித்தேன். அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை. இந்தப் பாடசாலை நாடக ரீச்சர் என்று மட்டும் சொன்னேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். கடைசிக் காட்சியில் மெசின் எந்த இடத்தில் தொடங்கும்?

அவர் யோசிக்கவே இல்லை. "வசனம் முடிய மெசின்," என்றார். "மரியாம்பிள்ளைக்கு மேடை தெரியாது, பிள்ளை. முன்னால சீலை, பக்கத்தில பீப்பாய். காதால கேட்டு மிதிக்கிறதுதான். 'தீங்கும் செய்யேல்லையே' எண்டு ஆரின்ர குரலில கேட்டாலும் மிதி எண்டு நான்தான் சொல்லிவச்சனான். அண்டைக்கும் அந்த வசனம் கேட்ட பிறகுதான் மிதிச்சவன். நான் சீலை ஓரத்தில நிண்டு அவனைப் பாத்துக்கொண்டிருந்தனான். அவன் முந்தேல்லை."